தீவுப் பதவிக்கு ஒரு குடும்பச் சந்திப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் அக்காவா, என் மேலதிகாரியா? எட்டு மாதமாக இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. ஒருநாள் ஒரு பதில் சரியாகப் படும். அடுத்த நாள் அலுவலகத்தில் அவர் சிரித்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தால் மற்றப் பதில்தான் சரியென்று தோன்றும். பிழை என்னுடையதோ என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைய நாள் அதோடு போய்விடும்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் சிட்னியின் பரமட்டாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமாகச் சில சிறிய தீவுகள் உண்டு. பெருநிலத்திலிருந்து விமானத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டிய தூரத்தில், நடுக்கடலில் கிடப்பவை. அவற்றுக்கென்று மாநில அரசு கிடையாது. ஒரு நிர்வாகி இருப்பார், அவருக்குக் கீழே நான்கைந்து மூத்த பதவிகள். தண்ணீர், பள்ளிக்கூடம், துறைமுகம், குப்பை எல்லாம் அவர்கள் தலையில்தான். அந்தப் பதவிகளுக்கு ஆள் தேடி அனுப்புவது எங்கள் பிரிவு. பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடம் முழுதாக இருந்தவர்கள் குறைவு.

ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. விண்ணப்பங்கள் குவியும். கடலில் நீந்த விருப்பம் என்று எழுதுகிறவர்களை நாங்கள் முதலிலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்போம். அங்கே கப்பல் பிந்தினால் கடையில் வெங்காயம் இராது. பிள்ளைப்பேறு அங்கே பார்ப்பதில்லை. கர்ப்பிணிகள் பல வாரங்களுக்கு முன்பே பெருநிலத்துக்குப் பறந்துவிட வேண்டும். யாருக்காவது கடும் சுகவீனம் என்றால் மருத்துவ விமானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். போனவர்கள் திரும்பி வருவது வேலை பிடிக்காததால் அல்ல. மனைவிக்கோ கணவனுக்கோ அங்கே இருக்க முடியாமல் போய்விடும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் அழும். அவ்வளவுதான், பதவி திரும்பவும் காலி.

அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு முன்பு எங்களில் ஒருவர் விண்ணப்பதாரரின் வீட்டுக்குப் போவோம். தூரமென்றால் தொலைபேசியில் கதைப்போம். இதைக் குடும்பச் சந்திப்பு என்போம். தேநீர் குடித்துக்கொண்டே பொதுவாகக் கதைக்க வேண்டும். துணைவர் உண்மையாகவே வர விரும்புகிறாரா, பிள்ளைகளுக்கு என்ன நோய், வயதான பெற்றோர் யார் பொறுப்பில் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியில் வரும். பிறகு ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். அதற்கான வழிகாட்டிக் குறிப்பை எழுதியதே நான். அதன் முதல் வரி: இந்தச் சந்திப்பு எதற்காக என்பதை அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சந்திப்புகளில் நான் கெட்டிக்காரி என்று பெயர். விக்டோரியாவின் சிறு நகரமொன்றிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் என்னோடு முக்கால் மணி நேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். கடைசியில், தன் கணவர் இந்தப் பதவி பற்றித் தன் தாய்க்கு இன்னும் மூச்சுவிடவில்லை என்றார். "அவ அறிஞ்சால் மயங்கி விழுந்திடுவா" என்பதுபோல ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி இன்னும் சிரித்தார். நான் சேர்ந்து சிரித்தேன். பிறகு, குடும்பத்தின் ஆயத்தம் போதாது என்று எழுதினேன். அந்தச் சொற்றொடரும் நான் கண்டுபிடித்ததுதான். அவருடைய கணவருக்கு வேலை கிடைக்கவில்லை. அன்று அது எனக்கு உறுத்தவில்லை.

அக்கா எங்கள் பிரிவின் தலைவி. சிறுவயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவர். நார்த்மீட்டில் வீடு. அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் எல்லோரும் அழைப்பார்கள், நானும்தான். மின்தூக்கிக் கதவு மூடினதும் அவர் அக்கா. நான் டூங்கபியில் இருப்பதால் மழை நாட்களில் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார். என் மகள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அந்த நேரம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கறி காய்ச்சி, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, பத்து நாள் தொடர்ந்து கொண்டுவந்தவர் அவர். அதை நான் மறக்க விரும்பவில்லை. மறந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கும்.

ஒரு தீவின் நிர்வாகப் பணிப்பாளர் இடையில் விட்டுவிட்டுப் போனார். ஆள் கிடைக்கும்வரை அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். ஐந்து மாதம், பரமட்டாவில் இருந்தபடியே திரை வழியாக அந்தத் தீவின் அலுவலகத்தை நடத்தினேன். அங்கே இருபது வருடமாக எழுதுவினைஞராக இருக்கும் ஒரு மலாய்ப் பெண்மணி தினமும் காலையில் என்னோடு கதைப்பார். "புதுசாக வருகிற ஒவ்வொருவருக்கும் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறதென்று நான்தான் காட்டுகிறேன். உங்களுக்கு வராமலே தெரிந்துவிட்டது. பேசாமல் நீங்களே வந்துவிடுங்கள்" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நீங்கள் ஏன் இந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதுவும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பதவியை நிரந்தரமாக நிரப்ப விளம்பரம் வந்தது. அக்கா என் மேசையில் குனிந்து மெல்லத் தமிழில் சொன்னார்.

"போடும். உம்மை விட்டால் ஆர் இருக்கினம்?"

"எனக்கு ஏலுமோ அக்கா?"

"அஞ்சு மாசம் செய்துபோட்டுக் கேக்கிற கேள்வியைப் பார்."

ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தீவைப் பற்றி வேறொரு கதை இருந்தது. என் கணவர் படகில் அகதியாக வந்தவர். அந்தத் தீவில்தான் அவரைப் பதினான்கு மாதம் தடுத்து வைத்திருந்தார்கள். பிறகு விசா கொடுத்துச் சிட்னிக்கு விட்டார்கள். இப்போது மின்சார வேலைக்காரர், சொந்த வான் வைத்திருக்கிறார். கூட வேலை செய்பவர்களுக்குத் தான் மாணவனாக வந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மெல்பேர்ணுக்கு மாணவியாக வந்தவள். என் கதையில் பாதியை எடுத்துத் தன் கதையாக்கிக்கொண்டார் என்று நான் கேலி செய்வேன். அவரும் விடமாட்டார். "நீர் அங்க ஆள் அனுப்புறீர், என்னை அங்கயிருந்து அனுப்பினவை. கணக்குச் சரி" என்பார். அதற்குமேல் அதைப்பற்றிக் கதைக்க மாட்டார். தீவைப் பற்றி மொத்தமாக எனக்குத் தெரிந்தது, கலியாணம் கட்டின புதிதில் ஒரே ஒருநாள் அவர் சொன்னதுதான்.

விளம்பரத்தை அவருக்குக் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே வாசித்தார்.

"போவமோ?" என்று கேட்டேன்.

"ஓம், போவம்."

"உண்மையாவோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்றன். அங்க கடல் நல்ல வடிவு. நாங்கள் வேலிக்குள்ள நிண்டு பாத்தனாங்கள். பிள்ளை போய் இறங்கிக் குளிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ அந்த ஓம் போதவில்லை. விண்ணப்பத்தைப் போட்டேன், ஆனாலும் இரண்டு வாரம் அதை மனதில் உருட்டிக்கொண்டே இருந்தேன். எனக்காகச் சொல்கிறாரோ? அங்கே போய் இறங்கினதும் முகம் மாறிவிடுமோ? மகளுக்கு வேறு இழுப்பு இருக்கிறது, குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா தொலைபேசி எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை நிப்பீரோ? சும்மா வாறன். பிள்ளையைப் பாத்தும் கனநாள். உம்மட தீவுக் கதையையும் கதைப்பம்."

கணவர் அன்று ஓர் அவசர வேலைக்குப் போயிருந்தார். அக்கா இரண்டு மணிக்கு வந்தார். கையில் பற்றிஸ் பலகாரப் பெட்டி. நான் ஹோலில் இருக்கச் சொன்னேன்.

"வேண்டாம், குசினிக்கயே இருப்பம். அங்க இருந்தால் நான் விருந்தாளி மாதிரி." கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். "என்ன பிள்ளை, அன்ரிக்கு என்ன தரப்போறீர்?"

"நத்திங்" என்றாள் மகள். பற்றிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"உம்மை மாதிரியே ஒளிவுமறைவில்லாத பிள்ளை" என்று அக்கா சிரித்தார்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"பயமில்லையோ?"

"பயம்தான் அக்கா. இவளுக்கு இழுப்பு வந்தால் என்ன செய்யிறது? பிளேன் வரும்வரைக்கும் நான் அவளைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

"அவர் என்ன சொல்றார்?"

"அவர் ஓமெண்டுதான் சொல்றார். ஆனா..."

"ஆனா?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்ட மூன்று கேள்விகளும், தயங்குகிற இடத்தில் கேட்கிற அந்த ஆனா உட்பட, என் வழிகாட்டிக் குறிப்பில் அதே ஒழுங்கில் இருக்கும் கேள்விகள். வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்கு உடனே பிடிபட்டிருக்கும். அவர் தமிழில், எங்கள் குசினியில், என் மகளோடு சிரித்து விளையாடிவிட்டுக் கேட்டார். நான் கத்தியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு மாதம். தடுப்பு முகாமில் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்ன செய்துகொண்டார் என்பது. இன்றைக்கும் சாவிக் கொத்துச் சத்தம் கேட்டால் இவர் திரும்பிப் பார்ப்பது. எனக்கு அழுகை வந்தது. அக்கா என் முதுகைத் தடவினார்.

"பாவம் அந்தப் பெடியன். இவ்வளவத்தையும் மனசுக்க வைச்சுக்கொண்டோ திரியுறான்?" என்றார்.

போகும்போது, "போட்டு வாறன், யோசியாதையும்" என்றார். அன்று மாலை முழுக்க எனக்கு மனம் லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

குடும்பச் சந்திப்பென்று யாரும் வரவில்லை, உள்ளே இருப்பவள் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேர்முகத் தேர்வு நன்றாகவே நடந்தது. தெரிவுக் குழுவில் மூன்று பேர், எல்லோரும் வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். நான் தனக்குக் கீழே வேலை செய்பவள் என்பதால் அக்கா குழுவில் இல்லை. கேள்விகளுக்கு நான் தடுமாறவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும், உங்கள் வீட்டார் மனநிலை எப்படி என்று கேட்டார். ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றேன். மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து எதையோ எழுதினார்கள்.

வேலை மெல்பேர்ணில் கிளென் வேவர்லிக்காரர் ஒருவருக்குப் போனது. நான் இரண்டாவது இடத்தில்கூட இல்லை, தகுதிப் பட்டியலிலேயே இல்லை. எங்கள் நடைமுறைப்படி, தோற்றவர் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டு வாங்கலாம். கேட்கலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கேட்டேன். குடும்பச் சந்திப்பு அறிக்கை என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் வந்தது. கீழே அக்காவின் கையெழுத்து. தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை.

விண்ணப்பதாரர் திறமையும் கடமையுணர்வும் மிக்கவர் என்று தொடங்கியது. எனினும் குடும்பத்தின் ஆயத்தம் போதாது. பிள்ளைக்குச் சுவாச நோய் உண்டு, விண்ணப்பதாரர் அதுபற்றி மிகுந்த கலக்கத்தில் இருக்கிறார். துணைவர் முன்பு இந்தத் தீவில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். அது அவர் அங்கே நிலைகொள்வதைப் பாதிக்கக்கூடும். துணைவர் வீட்டில் இல்லாததால் அவரது கருத்து விண்ணப்பதாரர் மூலமாகவே பெறப்பட்டது.

எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. பொய் இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் அக்காவை வாகனத் தரிப்பிடத்தில் பிடித்தேன். காகிதத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை.

"நான் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்? தீவுக் கதையையும் கதைப்பம் எண்டு."

"சும்மா வாறன் எண்டும் சொன்னனீங்கள். பற்றிஸும் கொண்டு வந்தனீங்கள்."

"பின்ன வெறுங்கையோடயோ வாறது?"

அவர் என் கையைப் பிடித்தார்.

"இஞ்ச பாரும். வேற ஆரும் வந்திருந்தால் இதைவிடப் பொல்லாததா எழுதியிருப்பினம். அங்க பிள்ளைக்கு ஏதும் நடந்தால், அக்கா தெரிஞ்சும் அனுப்பிப்போட்டா எண்டு நீர்தானே என்னைப் பேசுவீர்? உமக்காகத்தான் எழுதினனான்."

"எனக்காக எண்டால் எனக்குக் காட்டிப்போட்டு எழுதியிருக்கலாம்."

"அப்பிடிக் காட்டக் கூடாதெண்டு உம்மட குறிப்பிலதான் இருக்கு."

உண்மைதான். தேர்வு முடியும்வரை காட்டக் கூடாதென்று அந்தக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது.

கணவரிடம் காட்டாமல் விட்டிருக்கலாம். மறைத்தால் அது இன்னொரு பிழையாகிவிடும் என்று பயந்தேன். சனிக்கிழமை காலை வானுக்குள் கம்பிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து, இரண்டு தரம் வாசித்தார்.

"இதை எத்தினை பேர் வாசிச்சிருப்பினம்?"

"குழுவில மூண்டு பேர். பிறகு கோப்பு வைக்கிற ஆள். மேல ஆராவது..."

"சரி."

"அக்காவெண்டு நம்பித்தான் சொன்னனான்."

"உமக்கு அக்கா. எனக்கு அவ ஆர்?"

அவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார்.

"நான் போவம் எண்டுதானே சொன்னனான். ஆனா எண்டு சொன்னது ஆர்?"

சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. காகிதத்தை நான்காக மடித்து என் கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்தத் தீவின் மின்நிலையத்தில் தனக்கு வேலை கிடைக்குமா என்று அவர் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக் கணினியில் அவர்கள் அனுப்பிய பதில் கிடந்தது. மகளின் அளவுக்கு நீச்சல் உடுப்புக்கூடப் பார்த்திருந்தார். அந்த ஓம் உண்மையான ஓம். நான்தான் அதை நம்பாமல் வேறொருவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன்.

அக்கா எனக்குத் துரோகம் செய்தார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் அவரை அதிகாரியென்று நினைத்துக் கதைக்கவில்லை. அவரும் அன்று அதிகாரி போலக் கேட்கவில்லை. ஆனால் என் கணவர் இதே சொல்லை என்னைப் பற்றிச் சொல்லலாம். அவர் சொல்லவில்லை என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை என்றாகிவிடாது. வீட்டில் எல்லாம் வழமைபோலத்தான். சிரிப்பார், மகளைத் தூக்குவார். என்னிடம் ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு வேறெதையோ சொல்கிறார். அந்தக் கணத்தை நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

சென்ற மாதம் கிளென் வேவர்லிக்காரர் திரும்பி வந்துவிட்டார். தீவில் நான்கு மாதம்கூட நிற்கவில்லை. அவருடைய குடும்பச் சந்திப்பு அறிக்கையில், குடும்பம் முழுமையாக ஆயத்தம் என்று இருந்ததாம். மனைவி ஒரு கேள்விக்கும் தயங்கவில்லையாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவே வாங்கிய வீட்டை விட்டு அந்த அம்மா கடைசிவரை அசையவில்லை. பதவியைத் திரும்ப விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தார். அதே குனிவு, அதே மெல்லிய தமிழ்.

"இந்த முறை கட்டாயம் போடும். நானே வந்து வடிவா எழுதுறன். அவரையும் அண்டைக்கு வீட்டில நிக்கச் சொல்லும்."

"பாப்பம் அக்கா" என்றேன். வாய் தன்பாட்டில் அக்கா என்றது.

வீட்டில் சொன்னேன். கணவர், "உமக்கு விருப்பமெண்டால் போடும். நான் வருவன். ஆனா அவ இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்றார். இந்த முறை ஆனா சொன்னது அவர்.

எங்கள் விதிப்படி, நடப்பு மேலதிகாரியின் ஒப்பம் இல்லாமல் விண்ணப்பம் போகாது. அதற்கு அக்காவை விட்டால் ஆளில்லை. குடும்பச் சந்திப்பை வேறொருவர் நடத்த வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் என் கணவரின் கதை இன்னும் நான்கு பேர் கைக்குப் போகும். அக்காவின் பெயரும் கெடும். சரக்குக்கறி கொண்டுவந்த மனுசியை அப்படி மாட்டிவிட எனக்கு மனம் வருமா என்றும் தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால், என் கணவர் ஒருதரம் மனம் திறந்து போவம் என்று சொன்ன இடத்துக்கு நாங்கள் போகாமல் போனதற்குக் காரணம் நானாகவே இருப்பேன்.

விண்ணப்பம் மூட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இதை வாசிக்கிற உங்களில் சிலராவது, வேலையில் மேலே இருக்கும் ஒருவரை வீட்டில் அக்கா என்றோ அண்ணா என்றோ கூப்பிட்டிருப்பீர்கள். அவரிடம் காரணத்தைச் சொல்லாமலே, இனி நீங்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று எப்படிச் சொன்னீர்கள்? சொன்ன பிறகு அடுத்த நாள் அவர் முகத்தில் எப்படி விழித்தீர்கள்? அல்லது சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால், அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் உள்ளவர் உங்களிடம் பழையபடி மனம்விட்டுக் கதைத்தாரா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். நீங்கள் செய்ததைச் சொன்னால் போதும்.